போன வருடத்து யோபு

அருள்செல்வி விடிகாலையில் எழுந்து வேதம் வாசித்தது உண்மையில் முப்பத்தாறு நாட்கள்தான். அது அவளுக்கு மட்டும் தெரியும். போத்தனூர் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அவளைப் பற்றிப் பேசும்போது, ஒன்றரை வருடமாக ஒரு நாள்கூடத் தவறாதவள் என்றுதான் சொன்னார்கள். அந்த முப்பத்தாறுக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில்தான் அவள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஜனவரியில் சபை ஆயரின் மனைவி, ஆயரம்மா சாரா, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தார். பெயர் 'விடியற்கால வாசிப்பு'. தினம் மூன்று அதிகாரம், சில நாள் நான்கு. வருடம் முடியும்போது முழு வேதாகமமும் முடிந்திருக்கும். வாசித்தவர்கள் காலை ஏழு மணிக்குள் குழுவில் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட வேண்டும். முப்பத்திரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆளுக்கொரு துணை வைத்தார் ஆயரம்மா. துணையாக இருப்பவர் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் கனகம் அருள்செல்விக்கு வந்து வாய்த்தாள்.

கனகம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருந்தாள். கணவனுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சபைக்கு வந்தவள், அப்படியே வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க நேரமாகும். "எழுத்தைக் கூட்டறதுக்குள்ள சாம்பார் அடிபுடிச்சிருதுங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். காந்திபுரம் போகும் முதல் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துனரும் ஐந்தரைக்கு அவள் கடையில்தான் சாப்பிடுவார்கள். ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைத்து, ஃபோனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பாள். டம்ளருக்குள் இருந்து அருள்செல்வியின் குரல் கணீரென்று வரும். இரண்டு அதிகாரம் முடிந்தால் ஒரு ஈடு இட்லி வெந்துவிட்டது என்று கனகத்துக்குக் கணக்கு. கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தன்று மட்டும் ஏமாந்துபோனாள். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் ஒரே காணிக்கையை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைக்கும் அந்த நீண்ட அதிகாரம் முடிவதற்குள், ஒரு ஈடு முழுதும் கல்லாகிவிட்டது. அதைச் சபை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

முதல் முப்பத்தாறு நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அருள்செல்விக்கு இப்போது நினைத்தாலும் அவை உள்ளங்கையில் வைத்த வெதுவெதுப்பான பொருள் போல் இருக்கும். நாலரைக்கு எழுவாள். கணவன் பிராங்க் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவன். இரவுப் பணியிலிருந்து வந்திருந்தால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். மகள் ஜோவிதா போர்வைக்குள் சுருண்டிருப்பாள். சமையலறை விளக்கை மட்டும் போட்டு, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் வாசிப்பாள். அது அவள் அம்மா வைத்துவிட்டுப் போன சட்டம். வேதம் வாசிக்காமல் காப்பி கிடையாது. அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. சட்டம் மட்டும் நாக்கில் இன்னும் இருந்தது. வாசிக்காத காலையில் குடிக்கும் காப்பி, திருடிக் குடித்தது போலத்தான் இறங்கும்.

பிப்ரவரியில் லேவியராகமம் வந்தது. அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் செய்முறைத் தேர்வு வேலையும் அதே சமயம் வந்தது. ஒரு நாள் ஐந்து இருபதுக்குக் கனகத்தின் அழைப்பில்தான் கண் விழித்தாள். இன்னும் வரவில்லையே என்று கேட்டாள் கனகம். நெட் கிடைக்கவில்லை, இதோ அனுப்புகிறேன் என்று அருள்செல்வி சொன்னாள். சின்னப் பொய். அரைத் தூக்கத்தில் தானாக வாயில் வந்தது. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அன்று முழுக்க அவளை உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாகப் பதிவு செய்து வைத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தவளைப் பார்த்து பிராங்க் செய்தித்தாளை இறக்கினான்.

"ஏழு நாளைக்கு மன்னாவைச் சேத்து வெச்சுட்டயா? புழு வெச்சுரும், பாத்துக்க."

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மறுநாளைக்கென்று எடுத்து வைத்த மன்னா நாறிப்போன கதையை அவள்தான் இரண்டு வாரத்துக்கு முன் அவனிடம் சொல்லியிருந்தாள். வேலைக்குப் போகிறவளுக்கு இதுவும் ஒரு வழிதான் என்று அப்போது அவனுக்குப் பதில் சொன்னாள். பிராங்க் திரும்பச் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டான். அவன் கிண்டல் அவ்வளவோடு முடிந்துவிடும். அவளுக்குத்தான் முடியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். விடிகாலை நாலு ஐம்பத்தைந்துக்கு அலாரம் அடிக்கும். ஒரு கண்ணைத் திறந்து அன்றைய பதிவை அனுப்புவாள். குழுவில் கட்டைவிரலைப் போடுவாள். ஆறு மணி வரை தூங்குவாள். முன்பு விடிகாலையில் சொன்னது போலவே, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், "ஸ்தோத்திரம் கனகம், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை" என்று அந்தந்தக் கிழமையைச் சொல்லிச் சேர்த்தாள். அதையும் யாராவது மன்னிக்கலாம். அவள் தன்னையே மன்னிக்க முடியாதது வேறொன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதிவு செய்யும்போது, அப்போதுதான் எழுந்தவள் போலத் தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாவிட்டாலும் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இருந்தும் செய்தாள்.

மனம் இல்லாமலே வாய் வாசிக்கும் என்பதையும் அந்த ஞாயிறுகளில்தான் கண்டுகொண்டாள். தாவீது ராஜா பெற்ற மகனுக்குப் பயந்து வெறுங்காலோடு அழுதுகொண்டே மலையேறிப் போகிறான். அவள் குரல் ஏற்ற இறக்கத்தோடு அதை வாசிக்கிறது. உள்ளே அவள் ஜோவிதாவின் சீருடையை ஊற வைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் கடைசியில் முழு வேதாகமமும் முடிந்தது. சபையில் கைதட்டினார்கள். ஜனவரியில் ஆயரம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னபோது, "அக்கா, திரும்பவும் ஆதாமுங்களா?" என்று கனகம் புதுச்சேலை எடுத்தவள் போலப் பூரித்துப்போனாள். அந்த முதல் வாரம் அருள்செல்விக்குக் காய்ச்சல். போன வருடப் பதிவுகள் ஃபோனில் அப்படியே இருந்தன. ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் அவற்றை எடுத்தாள். கிழமை ஒரு நாள் தள்ளிப்போயிருந்ததால் தொடக்க வார்த்தைகளை வெட்ட வேண்டியிருந்தது. பள்ளி ஆண்டு விழாப் பாட்டுக்கு என்று ஜோவிதாவிடம் பொய் சொல்லி அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். ஒரு வாரம் இரண்டானது. இரண்டு, ஜூன் வரை வந்துவிட்டது. உண்மையாக எழுந்து வாசித்த அந்த முப்பத்தாறு காலைகளும்கூட இரண்டாம் முறை அனுப்பியபோது பொய்யாகிப்போயின.

இதற்கிடையே மாதா மாதம் திருவிருந்துக்கு முழங்கால் போட்டாள். உள்ளங்கையை நீட்டினாள். ஆயர் அப்பத்தை வைக்கும்போது, கைக்குள் ஏதோ மறைத்து வைத்திருப்பவள் போல விரல்கள் தாமாக மடங்கப் பார்க்கும்.

ஜூன் மூன்றாம் வாரம் ஆயரம்மா கூப்பிட்டார். மாதக் கடைசியில் பெண்கள் ஞாயிறு. தினமும் வேதம் வாசிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று அருள்செல்வி ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். அவளை அடுத்துக் கனகமும் இரண்டு வார்த்தை பேசுவாள். அருள்செல்வி பள்ளியில் வேலை இருக்கிறது, தொண்டை சரியில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தினமும் மூன்று அதிகாரம் வாசிக்கிற தொண்டைக்கு ஐந்து நிமிடம் பெரிதா என்று ஆயரம்மா சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிறுக்கு முந்தின நாள் மதியம் கனகம் வீட்டுக்கு வந்தாள். கையில் தூக்குப்போசி. மாவு கொண்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, படுத்திருந்தீங்களா?"

இல்லை என்று அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள் அருள்செல்வி. மாவு நன்றாகப் பொங்கி நிற்கிறது, இன்றைக்கே இட்லி ஊற்றிவிடுங்கள் என்றாள் கனகம். கணவனின் மாத்திரை, கடைக்கு எதிரே தோண்டிப் போட்டிருக்கும் சாக்கடை, தேங்காய் விலை என்று கொஞ்ச நேரம் பேசினாள். நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு கனகம்."

"நாளைக்கு நான் என்னங்க சொல்லட்டும்?"

கேட்டதில் எது பிடித்தது என்று சொல், போதும் என்றாள் அருள்செல்வி.

"அது இல்லீங்க. அக்கா தெனமும் வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எனக்காவப் படிக்கறாங்கன்னு சொல்லச் சொல்றாங்க ஆயரம்மா. அதை எப்படீங்க சொல்றது?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கனகம் தரையைப் பார்த்துக்கொண்டு, அடுப்பின் பக்கத்தில் நின்று யாருக்கோ கதை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"யோபு இருக்காரில்லீங்க. மேலெல்லாம் புண்ணு வந்து, ஓட்டுச் சில்லை எடுத்துச் சொரண்டிக்கிட்டு சாம்பல்ல உக்காந்திருக்கறாரு. அந்த எடத்துல ஐஸ் வண்டி மணி அடிக்குமுங்க. உங்க ஊட்டுச் சந்துல வருமே, அந்த வண்டி. பாப்பா தூரத்துல இருந்து 'எனக்கொண்ணு'ன்னு கத்தும். நீங்க ஒரு நொடி நிறுத்திப்போட்டு மறுபடி படிப்பீங்க." அவள் நிமிர்ந்தாள். "ஐஸ் வண்டி வெடியால அஞ்சு மணிக்கு வராதுங்களே அக்கா."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"போன வருசமேங்க. வேலைக்குப் போறவங்க, நேரங் கெடச்சப்பப் படிச்சு வெக்கறாங்க, அதுல என்ன தப்புன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா இந்த வருசமும் அதே எடத்துல மணி அடிச்சுதா, பாப்பா அதே மாதிரி கத்துச்சா, அப்பத்தானுங்க எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்து நினைவில் நிற்காது. சத்தம் நிற்கும். தான் காதில் வாங்காமல் வாசித்துத் தள்ளியதை எல்லாம் அவள் மணிச் சத்தம்வரைக்கும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் என்பது அருள்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்கும்போதே, அவள்மேல் குற்றம் சாட்டுகிற மாதிரி தன் குரல் ஒலிப்பது தெரிந்தது.

"சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்துட்டனுங்க. அப்பறம் எனக்கு ஆரு இருக்கறா படிச்சுச் சொல்ல? உங்களுக்கு ஏதோ சங்கடம் போலன்னு தெனமும் கேட்டு முடிச்சதும் உங்களுக்கு ஒரு ஜெபம் பண்ணிக்குவேன்."

அருள்செல்வி போர்வைக்குள் புரண்டு படுத்த அத்தனை காலைகளிலும், இட்லிக் கொப்பரை முன்னால் ஒருத்தி அவளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அந்த எடத்துல நின்னுக்கிட்டுப் பொய் சொல்றதுக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள் கனகம். பிறகு மெதுவாக, "நீங்க சொல்லுன்னா சொல்லிப்போடறேன். உங்களுக்காவ."

அதைத்தான் அருள்செல்வியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆயரம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. தனக்குத் தெரிந்த அத்தனை வசனங்களையும் யார் வாயால் கேட்டாளோ, அவளுக்காகப் பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்லவும் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறாள் இவள்.

"வேண்டாம் கனகம். நானே சொல்லிக்கறேன். நீ அந்தக் கல்லு இட்லி கதையச் சொல்லு, போதும்."

கனகம் முகம் தெளிந்தது. தூக்குப்போசியை அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலமே அருள்செல்வி ஆயர் வீட்டுக்குப் போனாள். ஆயரம்மா மறுநாளைக்கு வேண்டிய காகிதப் பூக்களை வயர்க்கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தொண்டையைக் கரகரப்பாக்கியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஆயரம்மாவுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. ஒரு பூவின் கம்பியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சீங்களா? நாலு அதிகாரத்தை ரெண்டு நிமிசத்துல முடிச்சு விரல் போடறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அந்த விரலைப் பாத்துட்டுத்தான் இன்னும் பத்துப் பேர் படுக்கைய விட்டு எந்திரிக்கறாங்க. நீங்க முன்னால நின்னு இதைச் சொன்னா அவங்களுக்கு ஒரு சாக்காயிரும். கர்த்தர்கிட்டச் சொல்லுங்க. சபையில வேண்டாம்ங்க."

அதில் நியாயம் இருந்தது. வெளியே வந்து வாசல் கேட்டைச் சாத்தும்வரை மனதுக்கு இதமாகவும் இருந்தது. மறுநாள் பொதுவாக நாலு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினால், அடுத்து மைக் கனகத்தின் கைக்குப் போகும், அக்காவுக்காக அவள் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவாள். அதை நினைத்ததும் ஆயரம்மா கொடுத்த இதம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் ஆராதனையில் பெண்களெல்லாம் வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக் முன்னால் நின்றாள். இரண்டாவது வரிசையில் கனகம் உட்கார்ந்து, உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க நிக்க எனக்குத் தகுதி இல்லைங்க" என்று தொடங்கினாள் அருள்செல்வி. பலர் தலையை ஆட்டினார்கள். எல்லாச் சாட்சியும் அப்படித்தான் தொடங்கும். "நான் வேதத்தை ஒழுங்கா வாசிக்கறவ இல்லை" என்றாள். முன் வரிசையில் ஒரு பாட்டியம்மா "ஆமென்" என்றார். "கர்த்தருக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை நான் கொடுக்கலை" என்றாள். இன்னும் இரண்டு ஆமென் வந்தது. யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு தாழ்மை என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அருள்செல்விக்குத் திகிலாக இருந்தது. உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஊரிலுள்ள எல்லோருக்கும் பொருந்துகிற உண்மை ஒருவர்மேலும் ஒட்டாமல் நழுவிப் போகிறது. இப்படியே இறங்கிப் போனால், முன்னைவிட நல்ல பெயரோடு இறங்குவாள்.

மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி என்றாள். படுக்கையறைக் கதவு என்றாள். நாலு ஐம்பத்தைந்துக்கு ஒரு கண்ணைத் திறந்து அனுப்பிவிட்டுத் தூங்கியதைச் சொன்னாள். இந்த ஜனவரியிலிருந்து கனகத்துக்குப் போனது போன வருடத்துப் பதிவுகள், அதில் ஐஸ் வண்டி மணிகூடக் கேட்கும் என்றாள். பின் வரிசையில் ஒருவர் சிரித்து, சட்டென்று நிறுத்தினார். "எந்திரிச்ச மாதிரி இருக்கட்டும்னு குரலைக் கரகரப்பாக்கிக்கிட்டேன்" என்று சொன்னபோது ஆமென் எதுவும் வரவில்லை. ஆயரம்மா மடியில் இருந்த நிகழ்ச்சித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கி வந்த பிறகு கனகத்தைக் கூப்பிட்டார்கள். கனகம் மைக் வரை போனாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். கல் இட்லிக் கதையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த அமைதியில் யாரும் சிரிக்கப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரிந்துபோயிருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் பேச வரலீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வரை அருள்செல்வியின் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக மைக் முன்னால் நின்று நாலு பேரைச் சிரிக்க வைக்கக் காத்திருந்தவளின் அந்த ஒரு நிமிடத்தையும் அவள்தான் எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பிராங்க் கிண்டல் எதுவும் செய்யவில்லை. காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். ஜோவிதா மட்டும், பாட்டு வெட்டக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். மகள் ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தாள். ஃபோனிலிருந்த பதிவுகளை முந்தின இரவே அழித்திருந்தாள். பதிவு செய்து அனுப்பத் துணிவு வரவில்லை. ஐந்து மணிக்குக் கனகத்தையே கூப்பிட்டாள்.

"கனகம், நான்தான். நேரா இப்படியே படிக்கட்டுமா?"

"இருங்க, டம்ளர்ல வெச்சுக்கறேன்" என்றாள் கனகம். டங்கென்று ஒரு சத்தம். கனகத்தின் கடை அவள் காதுக்குள் வந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம், யாரோ ஓர் ஆண் தும்முவது. ஒன்றரை வருடமாகத் தன் குரல் எங்கே போய் விழுந்துகொண்டிருந்தது என்று அன்றுதான் கேட்டாள்.

சங்கீதம் ஒன்று முடிந்து, அடுத்ததும் முடிந்தது. "இருங்க்கா, ஈடு எடுத்துக்கறேன்" என்றது டம்ளர். அருள்செல்வி விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூடியைத் திறக்கும் சத்தம், ஆவி சீறும் சத்தம், துணியிலிருந்து இட்லிகளை உரித்துக் கூடையில் போடுகிற மெத்தென்ற சத்தம். வேறு எதுவும் செய்ய இல்லாததால், கடைசியாக வாசித்த வரியைத் திரும்பப் பார்த்தாள். எளியவனின் வலப்பக்கத்தில் கர்த்தர் வந்து நிற்பார் என்ற அது, பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்கிற யாரோ ஒருவருக்கு எழுதப்பட்டது போலத் தோன்றியது. போன வருடமும் இதை வாசித்தாள்தான். குரல் வாசித்தது. "ஆச்சுங்க, படிங்க" என்றாள் கனகம்.

அன்று ஏழு மணிக்குக் குழுவில் கட்டைவிரல்கள் பத்தொன்பதுதான் விழுந்தன. மறுநாள் பதினேழு. ஆயரம்மா எதுவும் எழுதவில்லை. வியாழக்கிழமை கடைத்தெருவில் பார்த்தபோது மட்டும், "பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போனார். விட்டுப்போன பதினைந்து பேர் முன்பு உண்மையாகவே வாசித்தார்களா, அல்லது இப்போதுதான் உண்மையாக இருக்கிறார்களா என்று அருள்செல்வியால் சொல்ல முடியவில்லை. அவர்களில் ஒருத்தியாவது நிஜமாக எழுந்துகொண்டிருந்தவளாக இருந்தால், அவள் திரும்பப் படுத்துக்கொண்டதற்கும் அருள்செல்விதான் பொறுப்பு. இந்த உறுத்தல் புதியது. பழையதோடு சேர்ந்து அதுவும் இருந்தது.

ஆனாலும் ஐந்து மணிக்கு ஃபோன் போட்டாள். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தன்று இரண்டு ஈடு வெந்து இறங்கியும் சங்கீதம் முடியவில்லை. "இவுரு லேசுல உடமாட்டாரு போலிருக்குதுங்க" என்று கனகம் சிரித்தாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அருள்செல்வி கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மணி ஆறு பத்து. கனகத்தின் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. எழுந்து உட்காருவதற்குள், பழைய வார்த்தைகள் வரிசை கட்டிக்கொண்டு நாக்குக்கு வந்தன. நெட் இல்லை. சார்ஜ் இல்லை. பிராங்குக்கு உடம்பு சரியில்லை. எதை எடுத்தாலும் பொருந்தும். கனகமும் நம்புவாள், அல்லது நம்பியது போல இருந்து ஒரு ஜெபம் பண்ணிக்கொள்வாள்.

அவளைக் கூப்பிட்டாள். பின்னால் கடை இரைந்துகொண்டிருந்தது.

"தூங்கிப்போட்டேன் கனகம்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்" என்றாள் கனகம். யாருக்கோ சட்னி கொடுக்கச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு ஈடு வேகாமயே எடுத்துப்போட்டனுங்க. டிரைவரண்ணன் மாவைக் கையில ஒட்டிக்கிட்டு என்னயக் கிண்டல் பண்றாரு."

இப்போது படிக்கட்டுமா என்று கேட்டாள் அருள்செல்வி. கூட்டமாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் கனகம். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

அருள்செல்வி குழுவைத் திறந்து பார்த்தாள். பதினான்கு விரல்கள் இருந்தன. எதையும் போடாமல் மூடினாள். பல்லை மட்டும் விளக்கிவிட்டு, அடுப்பில் பால் வைக்காமல், சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அன்றைய பகுதி நீதிமொழிகள். அன்றைக்கென்று பார்த்து, படுக்கையை விட்டு எழாத சோம்பேறியைக் கேள்வி கேட்கிற அதிகாரம். தனியாக உட்கார்ந்து ஒரு தடவை சிரித்தாள். வாய்விட்டு வாசிக்கவில்லை. கேட்க ஆள் இல்லை, சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. கண்ணால் மட்டும் ஒவ்வொரு வரியாகப் போனாள். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது அதிகாரம் முடிந்ததும், விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, ஈடு எடுக்கிற நேரம் காத்திருந்தாள்.